தேநீர்ச் சாதனம் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் தேத்தூளைப் பாருங்கள்

11.11, 12.12 என்று இணைய வணிகத் தளங்களின் மலிவு விற்பனை நாள்கள் வந்துவிட்டால், கைப்பேசித் திரையில் தேநீர்ச் சாதனங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. நுரை எழுப்பும் மின்கலக் குச்சி, வெப்பநிலையைக் காட்டும் கெட்டில், இலையை அடைத்துத் தொங்கவிடும் இரும்புப் பந்து, கண்ணாடித் தேநீர்க் கூசா என்று பட்டியல் நீள்கிறது. பாசார் மாலாமிலும் ஒரே விலைக் கடைகளிலும் இவற்றில் சில, சில வெள்ளிக்கே கிடைக்கின்றன. வாங்கிய ஆர்வத்தில் ஒரு வாரம் பயன்படுத்துகிறோம். அடுத்த மாதம் அது சமையலறை மேல்தட்டுக்குப் போய்விடுகிறது.

பெரும்பாலும் இதற்குச் சாதனம் மோசமானது என்பது காரணமல்ல. அது வேறொரு தேயிலைக்காகச் செய்யப்பட்டது என்பதே காரணம். இணையத்தில் விற்கும் தேநீர்ச் சாதனங்களில் பல, சீனாவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் குடிக்கும் முழு இலைத் தேயிலையை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. தோட்டத்து வீடாகட்டும், தாமான் வீடாகட்டும், நம் அடுப்பில் ஊறுவது தூள். இலைக்கும் தூளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால், எந்தச் சாதனம் நமக்கு உதவும், எது உதவாது என்பதைக் கடைக்குப் போகும் முன்பே சொல்லிவிடலாம். இதில் காசு மட்டுமல்ல, நாம் குடிக்கும் சீனியின் அளவும் அடங்கியிருக்கிறது.

இலையும் தூளும்

மலேசியாவில் தேயிலை என்றால் கேமரன் மலைதான் நினைவுக்கு வரும். 1929-இல் ஜே.ஏ. ரசல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்த மலைச்சரிவுகளில் பல தலைமுறைகளாகக் கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். பறித்த கொழுந்து வாடவைக்கப்பட்டு, நசுக்கப்பட்டு, காற்றுப்பட்டுச் சிவந்து, உலர்த்தப்பட்ட பிறகு சல்லடைகளில் தரம் பிரிக்கப்படுகிறது. மேலே தங்குவது இலை. அதற்கடுத்து உடைந்த இலை. கடைசியில் விழுவது தூள்.

1930-களில் அஸ்ஸாமில் உருவான இயந்திரமுறை ஒன்றும் உண்டு. பற்கள் கொண்ட உருளைகளுக்கு நடுவே கொழுந்தை விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டும் அந்த முறைக்கு மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைக் கொண்டு சி.டி.சி. என்று பெயர். கடுகு போல உருண்டையாக வரும் அந்தத் தேயிலையும் தூளைப் போலவே வேகமாகச் சாயம் இறங்கும்.

தூள் வேகமாகச் சாயம் இறங்குவது ஏன்? சிறிய துகளில் நீர் படும் பரப்பு அதிகம். வெங்காயத்தை முழுதாகப் போட்டு வதக்குவதற்கும் பொடியாக நறுக்கி வதக்குவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. முழு இலைக்கு 4, 5 நிமிடம் தேவைப்படும் இடத்தில் தூளுக்கு 2 அல்லது 3 நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் துவர்ப்பும் கசப்பும் ஏறிக்கொண்டே போகும். அந்தக் கசப்பை மறைக்க நாம் என்ன செய்கிறோம்? இன்னொரு கரண்டி சீனி, இன்னொரு கரண்டி டின் பால்.

ஆக, ஒரு குவளைத் தேநீரின் சுவையை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எவ்வளவு தூள், எவ்வளவு சூடான நீர், எவ்வளவு நேரம், நேரம் முடிந்ததும் தூளை நீரிலிருந்து எவ்வளவு முழுமையாகப் பிரிக்கிறோம். எந்தச் சாதனமானாலும் இந்த நான்கில் ஒன்றையோ இரண்டையோதான் கவனித்துக்கொள்ளும். வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது நான்கில் எதைச் செய்கிறது? அந்தக் குறை என் வீட்டுத் தேநீரில் இருக்கிறதா?

கெட்டில்: விலையைவிட வேலையைப் பாருங்கள்

கறுப்புத் தேயிலைக்கு நன்றாகக் கொதித்த நீர் வேண்டும். பச்சைத் தேயிலைக்கு 70 முதல் 80 பாகை செல்சியஸ் போதும். கொதிநீர் ஊற்றினால் கசந்துவிடும். வெப்பநிலையைத் தேர்ந்தெடுக்கும் கெட்டிலின் பயன் இங்கேதான். வீட்டில் பச்சைத் தேநீர் குடிப்பவர் இல்லையென்றால், அந்த வசதிக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இருந்தாலும்கூட, கொதித்த நீரைச் சில நிமிடம் ஆறவிட்டு ஊற்றினாலே வேலை முடிந்துவிடும்.

கேமரன் மலையில் வாங்கிய தூள் அங்கே ஒரு சுவையாகவும் வீட்டில் ஒரு சுவையாகவும் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவில் நீர் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதே காரணம். கீழே நம் ஊரில் கொதிநீர் அதைவிடச் சூடானது. ஆகவே அதே தூள் இங்கே இன்னும் வேகமாகச் சாயம் இறங்கும். நேரத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

மின்சாரக் கெட்டில் கொதித்ததும் தானே அணைவது எப்படி என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. கொதிக்கும்போது எழும் நீராவி, கைப்பிடிப் பக்கமாக உள்ள சிறு துளை வழியே சென்று இரண்டு உலோகங்கள் ஒட்டிய ஒரு தகட்டைச் சூடாக்குகிறது. தகடு வளைந்து விசையைத் தட்டிவிடுகிறது. மூடியைத் திறந்து வைத்தால் நீராவி அங்கே போகாது. கெட்டில் அணையாமல் கொதித்துக்கொண்டே இருக்கும். கெட்டிலில் பாலைக் காய்ச்சக் கூடாது என்பதும் இதே இயக்கத்தைச் சார்ந்த எச்சரிக்கைதான். பால் அடியில் பிடித்துக் கருகும், பொங்கி வழிந்து மின்பகுதிக்குள் இறங்கும்.

மின்செலவை எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு லிட்டர் நீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்க ஏறக்குறைய 0.1 யூனிட் மின்சாரம் ஆகும். 2,000 வாட் கெட்டில் அதை 3 நிமிட அளவில் முடித்துவிடும். 1,000 வாட் கெட்டில் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும்; ஆனால் செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய அதேதான். ஆகவே குறைந்த வாட் கெட்டில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று நம்பி வாங்க வேண்டாம். மிச்சப்படுத்தும் வழி வேறு: இரண்டு குவளைக்கு இரண்டு குவளை நீரை மட்டும் ஊற்றுங்கள். உள்ளே குறித்திருக்கும் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று பாதுகாப்பு. நம் சுவர் மின்செருகி 13 ஆம்பியர் அளவுக்கானது. அதாவது 3,000 வாட்டுக்குச் சற்று மேல். நீட்டிப்பு வயர் ஒன்றில் 2,200 வாட் கெட்டிலையும் 1,500 வாட் ஏர் பிரையரையும் ஒரே நேரத்தில் இயக்கினால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். வயர் சூடாகும். பழைய தோட்டத்து வீடுகளிலும் மலிவுவிலை அடுக்கு மாடிகளிலும் சமையலறையில் செருகிகள் குறைவாக இருப்பதால் இந்தத் தவறு சாதாரணமாக நடக்கிறது. கெட்டிலைச் சுவர்ச் செருகியில் தனியாகச் செருகுங்கள். வாங்கும்போது சிரிம் முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வந்து சேரும் மலிவுப் பொருள்களில் அது இல்லாமல் இருக்கலாம்.

ஏர்பாட்: எப்போதும் சூடு, எப்போதும் மின்சாரம்

பல வீடுகளில் பெரிய மின்சார ஏர்பாட் நாள் முழுக்கச் செருகியிலேயே இருக்கும். குழந்தைக்குப் பால் கலக்க, மருந்து சாப்பிடப் பெரியவர்களுக்கு வெந்நீர் ஊற்ற அது வசதியானது, மறுப்பதற்கில்லை. ஆனால் தேநீருக்கு மட்டும் என்றால் யோசிக்க வேண்டும். சூடாக வைத்திருக்கும் நிலையில் அது 40 வாட் இழுத்தால், 24 மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு யூனிட் போய்விடும். அந்த ஒரு யூனிட்டில் கெட்டிலில் 10 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கலாம். உங்கள் ஏர்பாட்டின் அடியில் ஒட்டிய தாளில் எத்தனை வாட் என்று பார்த்து நீங்களே கணக்குப் போடலாம்.

தேநீருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஏர்பாட் நீரைப் பெரும்பாலும் கொதிநிலைக்குக் கீழேதான் வைத்திருக்கும். அந்த நீரில் தூள் போட்டால் சாயம் மெதுவாக இறங்கும், மணம் முழுதாக எழாது. தூள் நல்லதாக இல்லை என்று பழி சொல்வோம். தேநீருக்கு ஊற்றும் முன் மறுகொதி விசையை அழுத்தினால் போதும்.

வடிகட்டிகள்: பழைய துணிப் பைதான் வெல்கிறது

இணையத்தில் அதிகம் விற்பது இலையை அடைக்கும் இரும்புப் பந்து. சங்கிலியில் தொங்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தேயிலை நீரில் ஊறும்போது நன்றாக உப்பும். சிறு பந்துக்குள் அடைத்த இலைக்கு உப்ப இடமில்லை. நடுவில் இருக்கும் இலைக்கு நீரே போய்ச் சேராது. தூளைப் போட்டால் அதற்கு நேர் எதிர்: துளைகள் வழியே தூள் தப்பி வந்து குவளையின் அடியில் படியும், கடைசி மடக்கு வரை ஊறிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் சரிவராத ஒரு சாதனம் இது.

குவளைக்குள் அப்படியே இறங்கும் அகன்ற கூடை வடிகட்டி இலைத் தேயிலைக்கு நல்லது. இலைக்கு இடமும் உண்டு, நேரம் முடிந்ததும் தூக்கி எடுத்துவிடலாம். உங்களுக்கு யாராவது நல்ல இலைத் தேயிலை பரிசளித்திருந்தால் இதை வாங்கலாம். கண்ணாடிக் கூசாவும் அப்படித்தான். வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியா என்று பாருங்கள். அடுப்பில் வைக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தால் ஒழிய நேரடித் தீயில் வைக்காதீர்கள்.

தூளுக்கு எது சரி? மாமாக் கடைகளிலும் கோப்பிக் கடைகளிலும் தொங்கும் அந்த நீண்ட துணிப் பைதான். கம்பி வளையம், மரப்பிடி, பருத்தித் துணி. பார்க்கக் காலுறை போல இருக்கும். விலையும் அதிகமில்லை. துணியின் நெசவு நுண்தூளைக்கூடப் பிடித்துக்கொள்ளும். பை நீளமாக இருப்பதால் தூள் உப்பவும் சுழலவும் இடம் உண்டு. நேரம் முடிந்ததும் பையைத் தூக்கினால் தூளும் நீரும் முற்றாகப் பிரிந்துவிடும். நான்கு விஷயங்களில் இரண்டை ஒரே துணி கவனித்துக்கொள்கிறது.

பயன்படுத்தும் முறை எளிது. உயரமான குவளையில் பையை வைத்துத் தூளைப் போடுங்கள். கொதிநீரை ஊற்றி ஒரு நிமிடம் விடுங்கள். பையை வேறொரு குவளைக்கு மாற்றி, இறங்கிய சாயத்தை மீண்டும் அதே பையின் வழியே ஊற்றுங்கள். இப்படி இரண்டு, மூன்று முறை ஊற்றினால் சாயம் சீராக இறங்கிவிடும். ஆனால் பையைப் பிழியாதீர்கள். பிழிந்தால் வருவது துவர்ப்பு.

துணிப் பைக்குப் பராமரிப்பு முக்கியம். புதுப் பையை முதலில் வெறும் நீரில் கொதிக்க வைத்துக் கஞ்சியைப் போக்குங்கள். ஒவ்வொரு முறையும் வெந்நீரில் அலசி, வெயிலிலோ காற்றோட்டத்திலோ முழுதாக உலரவிடுங்கள். சவர்க்காரம் போட்டால் அதன் வாசம் அடுத்த தேநீரில் வரும். நம் ஊர் ஈரப்பதத்தில் ஈரப் பையைச் சுருட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். புளித்த வாடை வந்தாலோ புள்ளி விழுந்தாலோ எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள்.

துணிப் பையைப் பேண நேரமில்லாதவர்களுக்கு நெருக்கமான கண்ணுள்ள எவர்சில்வர் வடிகட்டி போதும். பிளாஸ்டிக் வலை உள்ள வடிகட்டியைக் கொதிக்கும் தேநீருக்குத் தவிர்ப்பது நல்லது.

டீ பேக் வசதியானதுதான், ஆனால்

டீ பேக்கும் ஒரு சாதனமே. பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் 2 கிராம் அளவு நுண்தூள் இருக்கும். அளவு, வடிகட்டி இரண்டும் ஒன்றாகக் கிடைக்கின்றன. தனியாக ஒரு குவளை குடிப்பவருக்கு அதைவிட எளிய வழி இல்லை.

கவனிக்க வேண்டியது பையின் பொருள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் நைலான், பெட் வகை பிளாஸ்டிக்கால் ஆன டீ பேக்குகளை 95 பாகை நீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். ஒரு பையிலிருந்து ஏறக்குறைய 1,160 கோடி நுண்பிளாஸ்டிக் துகள்களும், அவற்றினும் சிறிய 310 கோடி துகள்களும் ஒரு குவளையில் இறங்கியதாக அவர்கள் பதிவு செய்தார்கள். அது உடலுக்கு என்ன செய்யும் என்பது தொடர்ந்து ஆராயப்படுகிறது. பளபளப்பான பட்டுத்துணி போலத் தெரியும் முக்கோணப் பைகள் இந்த வகையாக இருக்கலாம். தாள் பையா, பிளாஸ்டிக் வலையா என்று பெட்டியில் பாருங்கள். ஐயமாக இருந்தால் பையைக் கிழித்துத் தூளை வடிகட்டியில் போட்டுக்கொள்ளலாம்.

நுரைக் குச்சியா, தே தாரிக்கா?

மின்கலத்தில் ஓடும் நுரைக் குச்சிதான் இப்போது இளைஞர்களின் விருப்பம். இது நிஜமாகவே வேலை செய்கிறது. பாலில் உள்ள புரதம் காற்றுக் குமிழிகளைச் சுற்றித் தோல் போலப் படிந்து அவற்றை உடையாமல் காக்கிறது. குச்சி 20 விநாடியில் செய்வதை, தே தாரிக் போடுபவர் இரண்டு குவளைகளையும் கைவீச்சையும் கொண்டு செய்கிறார்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உயரத்திலிருந்து இழுத்து ஊற்றும்போது தேநீர் மெல்லிய இழையாகக் காற்றில் விரிகிறது. ஆவி பறந்து சூடு குறைகிறது, டின் பால் அடியில் தங்காமல் முழுதாகக் கலக்கிறது. குச்சி நுரையை மட்டும் தரும். சூட்டை அவ்வளவாகக் குறைக்காது. நுரை மேலே மூடியிருப்பதால் அடியில் எவ்வளவு சூடு என்பதும் தெரியாது. 65 பாகைக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பதை, உணவுக்குழல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பழக்கங்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் சேர்த்தது. தேநீரின் வகைக்கும் அதற்கும் தொடர்பில்லை, சூடுதான் காரணம். எனவே குச்சி பயன்படுத்துபவர்கள் சற்று ஆறவிட்டுக் குடிப்பது நல்லது.

குச்சியை நீரில் முழுதாக அமிழ்த்திய பிறகே விசையை அழுத்துங்கள். எடுக்கும் முன் அணைத்துவிடுங்கள். குவளையின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். இழுத்துப் பழக விரும்புபவர்கள் முதலில் பச்சைத் தண்ணீரில், அடுப்பிலிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் தள்ளி நின்று பழகுங்கள். தே தாரிக்கும் ரொட்டி சானாயும் நாசி லெமாக்கும் சேர்ந்த மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அந்தப் பெருமைக்குக் கையைச் சுட்டுக்கொள்ளத் தேவையில்லை.

பிளாஸ்க்: பாலைத் தனியாக வையுங்கள்

அதிகாலையில் வேலைக்குப் போகிறவர்கள், இரவு வேலை பார்க்கும் பாதுகாவலர்கள், லாரி ஓட்டுநர்கள் ஆகியோருக்கு நல்ல பிளாஸ்க் மிகப் பயனுள்ள தேநீர்ச் சாதனம். 1892-இல் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி ஆய்வுக்கூடத்துக்காகச் செய்த இரட்டைச் சுவர்க் குடுவைதான் இதன் மூலம். இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்று இல்லாததால் சூடு வெளியே கடத்தப்படுவதில்லை. ஊற்றும் முன் ஐந்து நிமிடம் கொதிநீரால் நிரப்பிச் சூடாக்கினால் கூடுதல் நேரம் சூடு நிற்கும்.

ஒரு விதியை மட்டும் மறக்க வேண்டாம். பால் கலந்த தேநீரை அதில் அடைத்து மதியம் வரை வைக்காதீர்கள். 60 பாகைக்குக் கீழே சூடு இறங்கியதும் பாலில் கிருமிகள் பெருகத் தொடங்கும். தே ஓ-வை ஊற்றிக்கொண்டு போங்கள். பால் வேண்டுமென்றால் பால்மாவைச் சிறு டப்பாவில் தனியாக எடுத்துச்சென்று குடிக்கும்போது கலந்துகொள்ளுங்கள். மூடியில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவ மறக்காதீர்கள். நாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. உள்ளே படிந்த கறைக்கு ஒரு கரண்டி சமையல் சோடாவும் வெந்நீரும் போட்டு ஒரு மணி நேரம் விட்டால் போதும்.

யாரும் விளம்பரம் செய்யாத சாதனம்

கிராம் கணக்கில் காட்டும் சிறிய மின்தராசு, தேநீர்ச் சாதனங்களின் பட்டியலில் வருவதே இல்லை. ஆனால் நம் குடும்பங்களுக்கு மிகத் தேவையானது அதுதான் என்று சொல்லலாம்.

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். 2019 ஆய்வில் இந்தியர்களிடையே அந்த விகிதம் 30 விழுக்காட்டைத் தாண்டி, மூன்று பெரிய இனங்களில் மிக அதிகமாக இருந்தது. இதற்குத் தேநீர் மட்டும் காரணமல்ல. ஆனால் தினமும் தவறாமல் நாம் குடிக்கும் சீனியின் பெரும் பகுதி தேநீர்க் குவளை வழியாகவே வருகிறது.

கணக்கைப் பாருங்கள். இனிப்புச் சேர்த்த டின் பாலில் ஏறக்குறைய 45 விழுக்காடு சேர்க்கப்பட்ட சீனி. ஒரு மேசைக்கரண்டி 20 கிராம் என்றால் அதில் 9 கிராம் சீனி. குவளைக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு மூன்று குவளை என்றால் 54 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு சராசரி ஆளுக்கு நாள் முழுவதற்கும் வகுத்திருக்கும் மேல்வரம்பே ஏறக்குறைய 50 கிராம்தான். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. குஎய் ஒன்றுகூடத் தின்னாமல், தேநீரிலேயே வரம்பு தாண்டிவிடுகிறது.

டின்னின் மேலே எழுதியிருப்பதையும் படியுங்கள். சூசு பெகாட் மானிஸ் என்பது பால். கிரிமர் மானிஸ் என்பது பெரும்பாலும் செம்பனை எண்ணெயும் பால்மாவும் சீனியும் சேர்ந்தது. இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி டின்னில் இருக்கும். சீனி சேர்க்காத சூசு செஜாட் இவற்றுக்கு நல்ல மாற்று. சீனியை நாம் தனியாக, அளந்து போடலாம்.

தராசில் குவளையை வைத்து, நீங்கள் வழக்கமாக ஊற்றும் பாலை ஒருமுறை ஊற்றிப் பாருங்கள். ஒரு கரண்டி என்று நினைத்து ஊற்றுவது எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். அடுத்த வாரம் அதில் 5 கிராம் குறையுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னும் 5. படிப்படியாகக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும்.

வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

எந்தச் சாதனத்தையும் வாங்கும் முன், கையில் உள்ளதைக் கொண்டே இதைச் செய்து பார்க்கலாம். தேநீரைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்ற அனைத்துலக அளவுமுறை 1980-இலிருந்து இருக்கிறது. 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்பது அதன் அடிப்படை. அது குடிப்பதற்கான செய்முறையல்ல; தேயிலைகளை ஒரே அளவில் ஒப்பிடுவதற்கான முறை. அதே எண்ணத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று குவளைகளில் தலா 2 கிராம் தூளும் 100 மில்லிலிட்டர் கொதிநீரும் ஊற்றுங்கள். முதலாவதை 2 நிமிடத்திலும், இரண்டாவதை 4 நிமிடத்திலும், மூன்றாவதை 8 நிமிடத்திலும் வடிகட்டுங்கள். பாலோ சீனியோ சேர்க்காமல் முதலில் சுவையுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் உங்கள் நாக்கு ஒப்புக்கொள்ளும் வரை பாலையும் சீனியையும் அளந்து சேருங்கள். எதற்கு எவ்வளவு சேர்த்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதிக நேரம் ஊறிய குவளைதான் பொதுவாக அதிகச் சீனி கேட்கும். அப்படியானால் உங்களுக்குத் தேவை புதுச் சாதனம் அல்ல. கைப்பேசியில் ஏற்கனவே இருக்கும் கடிகாரம்.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள், காய்கறி, பருப்பு, கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைக்கிறது. சோற்றோடு தேநீர் குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள், குறிப்பாக இரத்தச் சோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் சைவ உணவுக்காரர்களும், சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.

எதை முதலில் வாங்கலாம்?

ஒன்றுமே இல்லாத வீட்டில் தொடங்குவதானால் வரிசை இப்படி இருக்கலாம்: முதலில் துணிப் பை, அடுத்து சிரிம் முத்திரை உள்ள சாதாரணக் கெட்டில், பிறகு சிறிய தராசு. வேலைக்கு எடுத்துச் செல்பவர் இருந்தால் நல்ல பிளாஸ்க். நுரை பிடித்தால் குச்சி. அது மகிழ்ச்சிக்கு, அவசியத்துக்கு அல்ல. இலைத் தேயிலைக்கும் பச்சைத் தேயிலைக்கும் மாறினால் அப்போது கூடை வடிகட்டியும் வெப்பநிலைக் கெட்டிலும். இரும்புப் பந்தையும் பிளாஸ்டிக் வலையையும் கடையிலேயே விட்டுவிடலாம்.

மேல்தட்டில் ஏற்கனவே ஏதாவது சாதனம் தூசி படிந்து கிடந்தால் அதை எறிந்துவிட வேண்டாம். அது தூளுக்கா, இலைக்கா என்று ஒருமுறை பாருங்கள். இலைக்கானது என்றால், அடுத்த முறை கேமரன் மலைக்குப் போகும்போது ஒரு பாக்கெட் இலைத் தேயிலை வாங்கி வந்து அதற்கும் ஒரு வேலை கொடுக்கலாம்.